மயிலையில் என் ஐம்பதாவது பிறந்தநாள்

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, அம்மாவை அழைத்துக்கொண்டு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். எனக்கு ஐம்பது நிறைந்த நாள். கேக், ஹோட்டல் என்று வீட்டில் திட்டம் போட்டிருந்தார்கள். அதெல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம், காலையில் முதலில் கற்பகாம்பாளைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சுவாமி இங்கே மேற்குப் பார்த்தவர், அம்பாள் தெற்குப் பார்த்தவள். அர்ச்சனைக்கு குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இன்னிக்கு இவளுக்கு அம்பது முடியுது, நல்லா இருக்கணும்னு பண்ணுங்கோ" என்று கூடவே ஒரு வார்த்தை. தீபாராதனை வெளிச்சத்தில் அம்பாளின் மூக்குத்தி மட்டும் ஒருமுறை மின்னியது. என்ன வேண்டிக்கொள்வது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவில் இல்லை. கண் நிறைந்துவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பிராகாரத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் புன்னை மரத்தடிக்கு வந்தாள். உமையம்மை மயிலாக வந்து பூஜித்த கதையைச் சொல்லும் சன்னதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கல்தரையில் உட்கார்ந்துகொண்டு, கோஷா ஆஸ்பத்திரியில் நான் பிறந்த ராத்திரியைப் பற்றி அம்மா பேசினாள். அன்றைக்கும் விடாத மழையாம். அப்பா நனைந்துகொண்டே ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வந்தாராம். இத்தனை வருடத்தில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் பூம்பாவை சன்னதி. சின்னதுதான், பலர் கவனிக்காமலே கடந்துபோவார்கள். சிவநேசரின் மகள், பாம்பு தீண்டி இறந்த சிறுமி. அவளுடைய எலும்பையும் சாம்பலையும் அப்பா குடத்தில் வைத்துக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். குடத்துக்குள் சாம்பலாகக் கிடந்த வருடங்களும் அவள் வயதில் சேர்ந்துவிட்டன! எனக்கு அங்கேதான் மனசு நின்றுவிட்டது. நாற்பதுகளில் பெரும்பகுதி, படுத்த படுக்கையாக இருந்த அப்பாவின் கட்டிலோரத்தில் போனது. வாழாமல் விட்ட காலம் என்றே அதை இதுவரை கணக்கு வைத்திருந்தேன். அவள் முன்னால் நின்றபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த ஐம்பது.

அந்தப் பதிகமே ஒரு வருடத்தின் திருவிழாக்கள்தான். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று கேட்கிறார் சம்பந்தர். செத்துப்போன குழந்தையைக் கூப்பிட அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை, ஊர்த் திருவிழாவைக் காட்டினார். அதிலும் முதல் பாட்டில் அவர் காட்டுவது அடியார்களுக்குச் சோறிடுவதை. இன்றைக்கும் அறுபத்துமூவர் அன்று மாட வீதி முழுக்க நீர்மோரும் பானகமும் சாப்பாடும் கொடுப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாட்டு உடனே விளங்கும். பிறந்தநாளுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த பணத்தை அன்னதானத்துக்குக் கட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வந்து குளக்கரையில் நின்றபோது நல்ல மழைத்தண்ணீர். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் இதில்தான் தெப்பம். இதே ஊரில் இத்தனை காலம் இருந்தும் மூன்று நாளும் சேர்ந்தாற்போல நாங்கள் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் மூணு நாளும் வரணும்டி. ஆட்டோக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிடு" என்றாள் அம்மா.

சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கார்த்திகை வருகிறது. அதற்கும் சேர்த்து.