பதினான்காம் முறையில் நின்ற கோடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில், எலுமிச்சைக் கலவையின் மேல் சிவப்பு ஒயின் பத்து நிமிடம் கலங்காமல் நின்றது. இது பதினான்காவது முயற்சி. முந்தையவற்றில் பெரும்பாலானவை தோற்றதற்கு என் கை நடுக்கமே காரணம் என்று இத்தனை வாரங்களாக நம்பி, ஒயினை எப்படி ஊற்றுவது என்பதிலேயே நேரத்தைச் செலவழித்தேன். கோளாறு கையில் இல்லை, பாட்டிலில் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

நியூயார்க் சவர் என்ற பானத்தை மதுக்கலவைகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு ஆகியவற்றைக் குலுக்கி ஊற்றி, அதன் மேல் ஓர் அடுக்காகச் சிவப்பு ஒயினை மிதக்க விடுவார்கள். அதில் ஒயின் வெறும் 15 மில்லி அளவுக்கு, அழகுக்காக நிற்பது. எனக்கு விஸ்கி ஒத்துக்கொள்வதில்லை என்பதால், அதை அறவே நீக்கிவிட்டு ஒயினையே முதன்மைப் பொருளாக்க நினைத்தேன். அடியில் 60 மில்லி எலுமிச்சைக் கலவை, மேலே 90 மில்லி ஒயின் என்பது கணக்கு. எலுமிச்சைக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. புளியங்குடிக் காய் சந்தையில் எப்போதும் கிடைக்கும். ஒயின்தான் சிக்கல். ‘ஒயின் ஷாப்’ என்று ஊரெல்லாம் அழைக்கும் கடையில் போய் ஒயின் கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேல் தட்டில் தூசி படிந்து நிற்கும் ஒரே வகை பாட்டிலை எடுத்து வைக்கிறார். போர்ட் என்று சீட்டு ஒட்டிய இனிப்பு ஒயின் அது. முதல் பதினொரு முயற்சிகளையும் அதை வைத்துத்தான் செய்தேன்.

ஒயின் இனிப்பாக இருக்கிறதே என்று அடிக்கலவையில் பாகைக் குறைத்தேன். எலுமிச்சைச் சாறு 15 மில்லி, பாகு ஒரு தேக்கரண்டி, மீதி 40 மில்லி குளிர்ந்த தண்ணீர். நாக்குக்கு இது சரியான அளவு. குடித்தால் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒயினைக் கரண்டியின் முதுகில் எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும், புகை இறங்குவதுபோல் இழை இழையாக இறங்கி, அரை நிமிடத்துக்குள் தம்ளர் முழுவதும் ஒரே கலங்கல் நிறமாகிவிடும். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர் தம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரசம் இன்னும் தெளியலையே அத்தான், மண்டியால்லா இருக்கு” என்றார். அன்று எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் இந்த வேலையையே தொடவில்லை.

இடையில் கரண்டியை மாற்றிப் பார்த்தேன். தம்ளரைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய எவர்சில்வர் சங்கைப் பரணிலிருந்து தேடி எடுத்தேன். இதைப் பற்றி நான்கு வரி பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சங்கின் மூக்கு வழியே விழும் தாரை நூல்போல் மெல்லியதாக இருக்கும். சங்கை ஒரு நூலளவு நிமிர்த்தினால் தாரை நின்றுவிடும், சாய்த்தால் தொடரும். பாட்டிலிலிருந்து நேரே ஊற்றும்போது வரும் ‘களுக்’ என்ற அதிர்ச்சி இதில் கிடையாது. சங்கின் மூக்கைக் கரண்டியின் முதுகில் வைத்து, கரண்டியின் நுனியைத் தம்ளரின் உள்சுவரில் ஒட்டிப் பிடித்தால், ஒயின் சுவரோரமாக வழிந்து, நீர்ப்பரப்பை இடிக்காமல் பரவுகிறது. கடைகளில் விற்கும் முறுக்குக் கம்பிக் கரண்டியைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து. குழந்தைக்குப் பால் கொடுத்த சங்கில் இதையா ஊற்றுவது என்று வீட்டில் எழுந்த கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆயினும், இத்தனை அருமையான கருவி கைக்கு வந்த பிறகும் ஒயின் முன்போலவே மூழ்கியது.

கூட்டுறவுப் பால் சங்கத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அவர் சிரித்துவிட்டு, எது கனம் என்று அளந்து பார்த்தாயா என்று கேட்டு, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். திரவம் கனமாக இருந்தால் அது மேலே எழும்பி நிற்கும், இலேசாக இருந்தால் அமிழும். இனிப்பு ஒயினை உயரமான தம்ளரில் நிரப்பி அதை மிதக்க விட்டேன். தண்ணீர்க் கோட்டில் நிற்கவில்லை. மேலே எழும்பி, ஏறக்குறைய சுத்தமான பாலுக்கு உரிய கோட்டருகே வந்து நின்றது. அடுத்து என் அடிக்கலவையில் விட்டேன். அதுவும் கிட்டத்தட்ட அதே கோடு. இரண்டும் ஒரே கனம் என்றால் ஒன்றின் மேல் ஒன்று எப்படி நிற்கும்? போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் உண்டாகும் அசல் போர்ட் ஒயினில், நொதித்தல் முடியும் முன்பே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால், பழத்தின் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 100 கிராம் அளவுக்குத் தங்கிவிடுகிறது. நம் கடையில் கிடைப்பது அந்த முறையில் செய்ததாக இல்லாவிட்டாலும், இனிப்பு இனிப்புதான். ஆல்கஹால் திரவத்தை இலேசாக்குகிறது, சர்க்கரை அதைத் திரும்பவும் கனமாக்கிவிடுகிறது. ஒயின் இனிப்பு என்பதால் அடியில் பாகைக் குறைத்தேன். பாகைக் குறைத்ததால் அடி இலேசாகி ஒயின் மூழ்கியது. பாகைக் கூட்டினால் இரண்டுக்கும் நடுவே கோடு நிற்கும், ஆனால் அது குடிக்க முடியாத அளவுக்குத் தித்திக்கும். பதினோராவது முயற்சியில் அதையும் செய்து பார்த்து, பாதியைத் தொட்டியில் கொட்டினேன்.

ஆகவே சர்க்கரை இல்லாத ஒயின் வேண்டும் என்று அலைந்து, நகரத்தின் இன்னொரு மூலையில் உள்ள கடையில் நாசிக்கிலிருந்து வந்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை விளைகிறது, 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே திராட்சையில் இனிப்பில்லாமல் செய்த ஒயின் நம் ஊர்க் கடைக்கு எட்டினால் நான் ஏன் நாசிக்கை எதிர்பார்க்கப் போகிறேன்? ஷிராஸில் லாக்டோமீட்டரை விட்டபோது, தண்ணீர்க் கோடே ஒயினுக்குள் மறைந்துவிட்டது. தண்ணீரைவிட இலேசு. அடிக்கலவையை மாற்றினேன்: எலுமிச்சைச் சாறு 15 மில்லி, பாகு 20 மில்லி, தண்ணீர் 25 மில்லி. இதில் விட்டால் அளவுக்கோடுகள் போட்ட தண்டு முழுவதும் வெளியே வந்து, கருவி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இனி சங்குக்கு வேலை வந்தது.

பாகைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் நன்னாரிப் பாகை ஊற்றினேன். மணம் அருமை, ஆனால் அதன் பழுப்பு நிறத்தில் ஒயினின் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கருப்பட்டிப் பாகும் அப்படியே. அதோடு கருப்பட்டியின் புகை மணம் ஒயினை வாய்திறக்க விடவில்லை. இறுதியில் உடன்குடிப் பக்கத்திலிருந்து வாங்கி வந்த பனங்கற்கண்டை, 200 கிராமுக்கு 200 மில்லி தண்ணீர் என்று இளஞ்சூட்டில் கரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டினேன். கற்கண்டு கரைய அநியாயத்துக்கு நேரமாகிறது. உள்ளே நூல்துண்டும் தூசியும் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் பயன்படுத்தவே கூடாது. எலுமிச்சைச் சாற்றையும் அதே துணியில் வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் சக்கைத் துணுக்குகள் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் போய்த் தங்கி, கோட்டை அசிங்கப்படுத்திவிடும்.

பன்னிரண்டும் பதின்மூன்றும் ஏன் தோற்றன என்றால், ஒன்றில் தண்ணீருக்குப் பதில் கோலி சோடாவை ஊற்றினேன். குமிழ்கள் மேலே ஏறும்போது அடிக்கலவையையும் தூக்கிக்கொண்டு போய் ஒயினில் கொட்டின. மற்றொன்றில் பனிக்கட்டியைத் தம்ளரிலேயே விட்டுவிட்டேன். அக்கினி நட்சத்திர நாள்களில் எங்கள் சமையலறையில் பனிக்கட்டி நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான்; உருகிய தண்ணீர் ஒயினைவிடக் கனம் என்பதால், அது ஒயினுக்குள் இறங்கும்போது சிவப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் பதினான்காவதில், அடிக்கலவையைத் தனிக் கிண்ணத்தில் பனிக்கட்டியோடு கலக்கிக் குளிரவைத்து, கட்டியை எடுத்துவிட்டு, குளிர்ந்த தம்ளருக்கு மாற்றினேன். உருகிச் சேரும் நீரையும் கணக்கில் வைத்து முதலில் ஊற்றும் தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன். ஒயினையும் குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்தேன்.

கோடு நின்ற அந்தப் பத்து நிமிடங்களில் எதிர்பாராத ஒன்றையும் பார்த்தேன். மேலே அடர்ந்த கருஞ்சிவப்பு, கீழே இளமஞ்சள். இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் ஒரு நூலளவுக்குப் பளீரென்ற இளஞ்சிவப்பு. செம்பருத்திச் சர்பத்தில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். திராட்சைத் தோலில் இருக்கும் நிறமியும் அதே குடும்பம், புளிப்பு ஏறினால் பளிச்சிடும். மைத்துனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, தேக்கரண்டியை உள்ளே விட்டு ஒரே சுற்றில் கலக்கிக் குடித்தார். “இப்பந்தான் நல்லாருக்கு அத்தான்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கலக்காமல் குடித்தால் முதல் மடக்கு முழுக்கத் துவர்ப்பான ஒயின். கடைசி மடக்கு தித்திக்கும் எலுமிச்சை. இரண்டும் சேரும் நடுப்பகுதிதான் அமுதமாக இருக்கிறது, அது இரண்டு மடக்குக்கு மேல் வராது. ஒயினை 60 மில்லியாகக் குறைத்து அகலமான தம்ளரில் ஊற்றினால் அடுக்கு மெலிந்து, சாய்த்துக் குடிக்கும்போது இரண்டும் வாயில் சேரக்கூடும். ஆனால் அப்போது பானத்தில் ஒயின் பாதிதான் இருக்கும், முதன்மைப் பொருள் என்ற என் பிடிவாதம் போய்விடும். இதை இன்னும் தீர்க்கவில்லை.

திறந்த ஷிராஸில் மீதி இருந்ததை நான்காம் நாள் வரை குளிர்பெட்டியில் வைத்திருந்து, மணம் மங்கத் தொடங்கியதும், ஸ்பெயினில் கோடைக்காலத்தில் குடிக்கும் தின்தோ தெ வெரானோ முறையில், சரிபாதி எலுமிச்சை சோடாவும் நிறையப் பனிக்கட்டியும் சேர்த்து முடித்தோம். அடுக்கும் கிடையாது, அளவியும் கிடையாது. நெல்லை வெயிலுக்கு அதுவே போதும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. பன்னீர் சோடாவில் ஒருமுறை கலந்து பார்த்தேன், ஒயின் கல்யாண வீட்டு வாசலைப்போல மணத்தது. அதை மறுபடி செய்வதாக இல்லை.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் மங்குஸ்தான் வரும். வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கிய பெல்லினியில், வெள்ளைப் பீச் பழக் கூழின் மேல் குமிழ்விடும் ஒயினை ஊற்றுவார்கள். பீச்சுக்குப் பதில் மங்குஸ்தான் சுளையை அரைத்து வடிகட்டிச் செய்யலாம் என்று ஓர் எண்ணம். தோலின் கறை சுளையில் பட்டுவிடாமல் உரிப்பது பெரிய வேலை, குமிழ்விடும் ஒயின் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு முன் அகலமான தம்ளர் இரண்டு வாங்கிவிட்டுப் பதினைந்தாவதை ஊற்றிப் பார்க்க வேண்டும். லாக்டோமீட்டரையும் நண்பருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டு முறை கேட்டுவிட்டார்.