போர்ட்ரெய்ட் எடுக்க ஆள் தேடியபோது

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்கூழ் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். இயக்குநர் முதல் பேக்கிங் பிரிவுப் பெண்கள் வரை நிரந்தரப் பணியாளர்கள் அனைவரையும் தனித்தனியாகப் போர்ட்ரெய்ட் எடுத்து, கொள்முதல் செய்வோருக்கு அனுப்பும் கையேட்டிலும் இணையதளத்திலும் சேர்ப்பதென்று முடிவானபோது, புகைப்படக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மே மாதம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் ஆலையில் எவரையும் நிறுத்தி வைக்க முடியாது என்பதால், அதற்கு முன்பே வேலையை முடித்தாக வேண்டும்.

நம் பகுதியில் புகைப்படக் கலைஞரின் திறமையை எடைபோடக் கேட்டு வாங்கிப் பார்ப்பது கல்யாண ஆல்பத்தைத்தான். ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்தவர்களும் அவற்றையே முதலில் காட்டினார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒப்பனையும் நகையும் மேடை விளக்கும் சேர்ந்து ஒளிரும் மணப்பெண்ணின் படத்தை வைத்து, பாய்லர் அருகில் வேலை செய்பவரை அதே கலைஞர் எப்படி எடுப்பார் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே, ஒப்பனையில்லாத சாதாரண மனிதர் ஒருவரை எடுத்த படங்களை, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டுமல்லாமல் முழுவதுமாகக் காட்டும்படி கேட்டேன். முழுத் தொகுப்பைப் பார்த்தால்தான், ஒளியும் நிறமும் படத்துக்குப் படம் மாறாமல் நிற்கின்றனவா என்பது தெரியும்.

என் முடிவைத் தீர்மானித்தது தோலின் நிறம்தான். எங்கள் பணியாளர்களில் பெரும்பாலோர் கறுத்த, மாநிற மேனியர். கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். வெள்ளைச் சுவரை ஒட்டி ஒருவரை நிறுத்தினால் சுவரின் வெளிச்சத்தைக் கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அதைப் பிறகு கணினியில் வெளுக்க வைக்கும்போது கன்னத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு உயிரற்ற நிறம் ஏறுகிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நிற அளவுகோலாக இருந்தது என்பதை நினைத்தால், இந்தக் குறை நேற்று முளைத்ததல்ல என்பது புரியும். வந்தவர்களில் ஒருவர், எல்லாரையும் நன்றாகச் சிவப்பாக்கிக் கொடுத்துவிடுவதாக உற்சாகத்துடன் சொன்னார். அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தன் நிறத்திலேயே ஒருவர் அழகாகத் தெரியும்படி எடுக்க முடியாதவரிடம் அவருடைய முகத்தை ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறுதியில் தேர்வான இளைஞரைச் சோதனைக்காக ஒரே ஒரு படம் எடுக்கச் சொன்னோம். பேக்கிங் பிரிவிலிருந்து வந்த அம்மா சுவரோரம் விறைப்பாக நின்றுகொண்டார். அந்த இளைஞர் கேமராவை எடுக்கவே இல்லை. "அக்கா, இங்க வெயில் கண்ணைக் கூசுது, அந்தப் பக்கம் போயிரலாமா?" என்று கேட்டு, லாரிகள் நிற்கும் கூரையின் நிழலுக்கு அவரை அழைத்துச் சென்றார். எந்த ஊர் என்று விசாரித்தார். "போச்சம்பள்ளிப் பக்கந்தான் தம்பி" என்று தொடங்கிய பேச்சு அந்த ஊர்ச் சந்தைக்குப் போனது. பேசிக்கொண்டே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இடப்பக்கம் சாய்த்து வைத்தார். கன்னத்தின் நிழல் இளகியது, மூக்குத்தியின் கூசும் பளபளப்பு அடங்கியது. 85 மி.மீ. லென்ஸுடன் நன்றாகப் பின்னால் தள்ளி நின்றுதான் எடுத்தார். மிக நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அதற்குக் காரணம் லென்ஸைவிடத் தூரமே என்று எனக்கும் விளக்கினார்.

கட்டணம் பற்றிய பேச்சு விரைவில் முடிந்தது. மற்ற நிபந்தனைகளை எழுத்தில் வைத்துக்கொண்டோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர்; ஆயினும் ரா ஃபைல்கள், அதாவது கேமராவில் பதிவான திருத்தப்படாத மூலக் கோப்புகள், யாரிடம் இருக்கும், புகைப்படக் கலைஞர் தம் விளம்பரத்துக்கு எந்தப் படங்களைப் பயன்படுத்தலாம் என்பவற்றைத் தனியே குறிப்பிட்டோம். பருவையும் தூசியையும் நீக்கலாம், மச்சத்தையும் தழும்பையும் நிறத்தையும் தொடக் கூடாது என்பதும் அதில் உண்டு. உரிமை நிறுவனத்திடம் இருந்தாலும் முகம் அவரவருடையது என்பதால், தம் படத்தைப் பணியாளரே தேர்ந்தெடுப்பார் என்றும், வேண்டாம் என்பவரின் படம் வெளியாகாது என்றும் சேர்த்தோம். இனி வேலையில் சேர்பவர்களின் படமும் இதே வரிசையில் பொருந்த வேண்டுமல்லவா. அதற்காகப் பின்னணியின் நிறம், விளக்கின் உயரம், நிற்க வேண்டிய தூரம் ஆகியவற்றை அந்த இளைஞரிடமே எழுதி வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.