சிங்கப்பூரில் அடிபட்டவன் டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டியது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டான். முந்தின நாள் சைட்டில் கம்பிக் கட்டு சரிந்து காலில் விழுந்திருக்கிறது, பாதம் வீங்கி டாமில், அதாவது தொழிலாளர் விடுதியில், படுத்திருக்கிறான், மதியம் டாக்டரிடம் போகவேண்டும். வலியைப் பற்றி அவன் பேசவே இல்லை. "அண்ணே, டாக்டர்கிட்ட ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லச் சொல்றாங்க, சொல்லட்டுமா?" என்றுதான் கேட்டான். 2022-இல் என் இடது கை நடுவிரல் பேனலுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கியபோது, லாரியில் என்னைக் கூட்டிப்போன சூப்பர்வைசர் சொன்னதும் இதேதான்.

சொல்லாதே என்றேன். டாக்டர் கேட்டதும் சைட்டில், வேலை நேரத்தில், இன்ன வேலை செய்யும்போது என்று சொல், ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிடச் சொல். நீ அன்றைக்குச் சொல்வதைத்தான் அவர் எழுதிவைப்பார், பின்னால் யார் என்ன மாற்றிப் பேசினாலும் அந்தத் தாள் உன் பக்கம் நிற்கும். ரூமில் விழுந்ததாக ஒருமுறை எழுதிவிட்டால் அதை நீயே பொய் என்று நிரூபிக்கவேண்டி வரும்.

அங்கே இருப்பது வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், விக்கா என்பார்கள். வேலை செய்யும்போது, வேலையால் காயம் வந்ததா என்பதுதான் அதில் கேள்வி, யார் தப்பு என்பது இல்லை. நம் ஆட்கள் பலர் "நான்தான் கவனமில்லாம கையை வச்சுட்டேன், எனக்கு எப்படிக் கொடுப்பாங்க" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். குடித்துவிட்டு வேலை பார்த்தது மாதிரி சில விஷயங்கள் வேறு, சாதாரணக் கவனக்குறைவு உங்கள் உரிமையைப் பறிக்காது. கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டாலும் இது பொருந்தும். கம்பெனி மேல் கோர்ட்டில் வழக்குப் போடுவது தனி வழி, அதில் அவர்கள் தப்பை நிரூபிக்கவேண்டும், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கமுடியும். விக்காவுக்கு வக்கீல் தேவையில்லை.

ஏன் மறைக்கச் சொல்கிறார்கள்? முன்பு டாக்டர் மூன்று நாளுக்கு மேல் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தால்தான் எம்ஓஎம் என்கிற மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்சியோ, லேசான வேலை மட்டும் கொடு என்று ஒரு நாள் லைட் டியூட்டியோ எழுதினாலும் பத்து நாளுக்குள் கம்பெனி எம்ஓஎம்முக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால்தான் "எம்சி எதுக்கு, ரெண்டு நாள் ரூம்லயே ரெஸ்ட் எடு" என்ற அன்பெல்லாம் வருகிறது. தாள் இல்லாத ரெஸ்ட் கணக்கில் வராது. கம்பெனி தெரிவிக்காவிட்டால் தொழிலாளியே எம்ஓஎம்மில் தெரிவிக்கலாம். விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் கேட்கவேண்டும். வேலை பர்மிட்டை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டாலும் அந்த ஒரு வருடத்துக்குள் உரிமை போகாது.

சரி, பணம். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண எம்சி என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம், மருத்துவமனை விடுப்பு என்று எழுதிய எம்சி என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் விபத்து நாளிலிருந்து ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. வழக்கமான சம்பள நாளிலேயே போடவேண்டும். இந்த முழுச் சம்பளம் என்ற வார்த்தையில்தான் சிக்கல். எனக்கு அடிப்படைச் சம்பளம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைம் சேர்த்தால் சராசரியாக மாதம் 1,050 வெள்ளி வரும். மாதம் முழுக்க எம்சியில் இருந்தபோது 650 மட்டும் போட்டார்கள், கட்டுப்போட்ட கையோடு நானும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சட்டப்படி விபத்துக்கு முந்தின 12 மாதச் சராசரியை எடுக்கவேண்டும், ஓவர்டைம் அதில் சேரும். தேக்கா பக்கம் கஃப் ரோட்டில், வேலை இல்லாமல் கேஸுக்காகக் காத்திருக்கும் தொழிலாளிகளுக்கு டி.டபிள்யூ.சி.2 அமைப்பு சாப்பாடு போடும் இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமயத்துக்கார அண்ணன் ஒருவர்தான் என் பேஸ்லிப்பைப் பார்த்து இதைச் சொன்னார். கேட்டேன், மீதி 400 வெள்ளி வந்தது. பழைய பேஸ்லிப் எல்லாம் பெட்டிக்கடியில் கிடந்ததால் கேட்கமுடிந்தது.

லைட் டியூட்டிக்கும் இதே சராசரிதான்.

நிரந்தரமாக ஏதாவது குறை நின்றால் அதற்குத் தனித் தொகை. காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்தபிறகு டாக்டர் இத்தனை சதவீதம் என்று எழுதுவார், நம் ஆட்கள் பாயிண்ட் என்பார்கள். வயது, சராசரி வருமானம், பாயிண்ட் மூன்றையும் வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் போடும், இங்கேயும் ஓவர்டைம் விட்டுப்போனால் நஷ்டம் உங்களுக்கு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துக்கு, முழு இயலாமை என்றால் குறைந்தது 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000. எட்டு பாயிண்ட் என்றால் அதில் எட்டு சதவீதம், அதாவது 9,280 வெள்ளிக்குக் குறையாது, 27,680-ஐத் தாண்டாது. சிகிச்சைச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது ஒரு வருடம் வரை, எது முந்துகிறதோ அது. கணக்குத் தாள் வந்தபிறகு ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் 14 நாளுக்குள் ஆட்சேபிக்கவேண்டும். எனக்கு வந்தது 3 பாயிண்ட்.

இதையெல்லாம் தெரிந்துவைத்தாலும் காத்திருக்கும் காலம் கொடுமையானது. பர்மிட் போய், கேஸ் முடியும்வரை தங்கமட்டும் கொடுக்கும் ஸ்பெஷல் பாஸில் இருக்கும்போது வேலை செய்யக்கூடாது. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு இங்கே வட்டி ஏறிக்கொண்டிருக்கும், வீட்டில் அம்மா "இந்த மாசம் அனுப்பலையாப்பா" என்று தயங்கிக் கேட்பார்கள், விரலைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டோம். இந்த இடத்தில்தான் பலர் ஒரு டிக்கெட்டும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உடனிருக்கும் நாம், அரிசிக்குக் கொஞ்சம் போட்டு, எம்ஓஎம்முக்குக் கூட ஒருநாள் போய்வந்தால் பாதிப்பேர் தாக்குப்பிடிப்பார்கள்.

தம்பி சைட்டில் அடிபட்டது என்றே சொல்லியிருக்கிறான். பாதத்தில் எலும்பு விரிசல், 14 நாள் எம்சி. தாளைப் படம் எடுத்து எனக்கும் ஊரில் அவன் அக்காவுக்கும் அனுப்பிவிட்டான். சூப்பர்வைசர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அடுத்தது 12 மாத பேஸ்லிப், நான்கு மாதத்துக்கானது கையில் இல்லை என்கிறான், இந்த வாரமே கம்பெனியில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.