டால்டா டப்பாவில் அந்திமந்தாரை

தண்டையார்ப்பேட்டையில் நம் பள்ளியின் பின்சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டி வழிந்தோடும் இடத்தில் அந்திமந்தாரைப் புதர் ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? காலை வழிபாட்டு நேரத்தில் பிழிந்துபோட்ட துணிபோல் பூக்கள் சுருண்டு கிடக்கும். கடைசி மணி அடித்து நாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் அது விரியத் தொடங்கும். அதனால் பாதிப் பேர் அதைப் பூவாகப் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

தாவரவியல் சார் அந்தப் புதரடியில் நின்றுதான், ஒரு நிறம் மற்றதை முழுதாக மறைக்காமல் இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம் வருகிற முழுமையற்ற ஓங்குதன்மையை நடத்தினார். சிவப்புப் பூச்செடியும் வெள்ளைப் பூச்செடியும் கலந்தால் ரோஸ் நிறப் பூ. அந்த ரோஸின் விதையைப் போட்டால் நான்கில் சிவப்பு ஒன்று, ரோஸ் இரண்டு, வெள்ளை ஒன்று. இதே செடியின் வெள்ளை படர்ந்த இலைகளை வைத்து, இலையின் நிறம் தாய்ச்செடி வழியாகவே வருகிறது என்று ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ் 1909-இல் காட்டியதையும் சொன்னார். “அப்பாவுக்கு வேலையே இல்லையா சார்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். யாரென்று இன்றும் சொல்லமாட்டேன்.

எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. பள்ளி ஆயா, ரோஸ் நிறப் பூச்செடியடியில் மிளகுபோல் உதிர்ந்து கிடந்த கறுப்பு விதைகளைப் பொறுக்கித் தந்தார். “வாயில் போட்டுவிடாதே, விஷம்” என்று மிரட்டியும் வைத்தார். ஒன்றை உடைத்துப் பார்த்தேன்; உள்ளே முகப்பவுடர்போல வெள்ளை மாவு.

எங்கள் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பு. அந்தத் தண்ணீரும் உப்புக் கரிக்கும். லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அம்மா கையை ஒடித்துவிடுவார். ஆணியால் அடியில் ஓட்டை போட்ட நான்கு டால்டா டப்பாக்கள், இரவெல்லாம் ஊறிய விதை, அரை விரற்கடை ஆழம், அரிசி கழுவிய நீர். அவ்வளவுதான் என் விவசாயம். ஒன்பதாம் நாள், விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு முதல் முளை எழுந்தது. மதிய வெயிலில் செடி துவண்டு விழும். பதறித் தண்ணீர் ஊற்ற ஓடுவேன். பொழுது சாய்ந்ததும் அதுவே நிமிர்ந்துகொள்ளும்.

பூத்தது மூன்று ரோஸ், ஒரு சிவப்பு. வெள்ளை இல்லை! வெற்றியோடு போய்ச் சொன்னேன். “நாலு டப்பாவை வைத்துக்கொண்டு மரபுக் கணக்கைக் கண்டுபிடித்த மெண்டலைத் தோற்கடிக்கப் பார்க்கிறாயா? நூறு செடி வளர்த்துவிட்டு வா” என்றார் சார். நூறு டப்பாவுக்கு எங்கள் முற்றத்தில் இடமேது? குடங்களுக்கே வரிசை.

டொராண்டோவில் இப்போது கொல்லைப்புறம் இருக்கிறது, வெயில்தான் இல்லை. ஏப்ரலில் ஜன்னலோரம் முளைக்கவைத்து, மே கடைசியில் வெளியே நடுகிறேன். முதல் உறைபனியில் இலைகள் கறுத்ததும் கிழங்கைத் தோண்டி, மண் உதிர்த்து, மணல் பெட்டியில் போட்டு நிலவறையில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு அதே செடி துளிர்க்கும். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். இந்த மண்ணுக்கு வந்தேறி நான்.

போன கோடையில் இருபத்திரண்டு செடிகள். வெள்ளை நான்கு. விதைகளைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். நம் பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.