வலது ஓரத்தில் ஓடியவன்

பகாவில் நம் பள்ளியில் படித்தவர்களில் கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் ஆடிய காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் அவன் பெயர் அரிதாகத்தான் கண்ணில் படும். கோல் அடித்தவர் யார், எந்த நிமிடத்தில் அடித்தார், ஆட்டம் எப்படி முடிந்தது, அரங்கில் எவ்வளவு கூட்டம் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அவன் விங்கர். கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுபோய்க் கோல் முனைக்கு அனுப்பிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி ஓடிவருவது அவன் வேலை. அந்தப் பந்தை வேறொருவர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவார். மறுநாள் அவர் படம் வரும். இப்போதெல்லாம் கோலுக்கு வழி செய்து கொடுத்தவரையும் எண்ணி எழுதிவைக்கிறார்கள். நம் பக்கத்தில் அன்று அந்தப் பழக்கம் இல்லை.

நம் முன்னாள் மாணவர் சங்க மலரிலாவது அவன் கதை வரவேண்டும் என்று எனக்கு ஆசை. தொலைபேசியில் கேட்டேன். "எழுது பிள்ள, ஆனா பேரு போடாத. நம்ம ஆளுங்களுக்குப் படிச்சாலே தெரிஞ்சிடும்" என்றான். சரி, அவன் விருப்பப்படியே பெயரை விட்டுவிடுகிறேன். 1980இல் ஆறாம் வகுப்பில் இருந்த யாருக்கும் இதற்குள் ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

நம்மில் பலர் பகாவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. வேறு ஊர்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கிற ஊர். 1910இல் கிம்மாஸிலிருந்து ரயில் வந்த ஊர். சுற்றிலும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்கள், பிற்பாடு பாமாயில் தரும் செம்பனை. சம்பளம் போட்ட வாரம் பட்டணத்துக் கடைகளில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் தோட்டமே உலகம்.

அந்த உலகத்துக்கு நடுவில்தான் திடல். ஒரு பக்கம் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள், மறுபக்கம் பெரிய கால்வாய், அதற்கப்பால் கித்தா மரங்கள். கோட்டுக்கும் கால்வாய்க்கும் இடையில் ஓர் ஆள் நடக்கிற அகலம்தான் இருக்கும். நாங்கள் பெண்பிள்ளைகள் அங்கேதான் நிற்போம். திடலுக்குள் எங்களுக்கு இடம் கிடையாது. பந்து கால்வாயில் விழுந்தால் இறங்கி எடுத்துப் போடுவது மட்டும் எங்கள் பங்கு. தண்ணீரில் ஊறிய பந்து கனத்துப்போய், தலையில் பட்டால் பொறி கலங்கும். கால்வாய்ப் பக்கம் ஆட எந்தப் பையனும் ஒப்புக்கொள்ள மாட்டான். வேகமாக ஓடி ஒரு தப்படி தவறினால் முழங்கால் சிராய்ப்போடுதான் மேலே ஏற வேண்டும். அந்தப் பக்கம் தானாகப் போய் நின்றவன் அவன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென்கொரியாவும் மோதின. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். கோல் காவலர் ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். தோட்டத்தில் வானொலி இருந்த வீடுகளின் வாசலெல்லாம் கூட்டம். 2-1 என்று ஜெயித்தோம். நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டதால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை என்பது வேறு கதை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாளிலிருந்து எல்லாப் பையன்களும் ஆறுமுகம் ஆகிவிட்டார்கள். நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட மனிதர், நம் இனத்து ஆள். ஆகாமல் இருப்பார்களா? கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கத் தினமும் சண்டை நடக்கும். (1988 டிசம்பரில் அவர் சாலை விபத்தில் இறந்தபோது என் அண்ணன் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.) மிச்சமிருந்தவர்கள் வெற்றி கோலை அடித்த ஜேம்ஸ் வோங் ஆனார்கள். இவன் மட்டும், "அவருக்குப் பந்து கொடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். கொடுத்தவர் ஹசான் சானி. சபாவிலிருந்து வந்த விங்கர், மின்னல் வேகக்காரர். பன்னிரண்டு வயதில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டவன், கால்வாய் ஓரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

நம் விளையாட்டு ஆசிரியர் ஐயாவைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் பாவம். அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர். தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஓட்டை விழுந்த ரப்பர் பால் வாளிகள் மூன்றைக் கேட்டு வாங்கி வந்தார். கோல் கம்பத்துக்குக் கிட்டே ஒன்று, பெனால்டி இடத்தில் ஒன்று, தூரத்துக் கம்பத்துக்கு வெளியே ஒன்று. கோட்டோரம் முழு வேகத்தில் ஓடிவந்து, நிற்காமல், அவர் சொல்கிற வாளிக்குப் பந்தை அனுப்ப வேண்டும். நின்று அடித்தால் செல்லாது. "ஆட்டத்தில் உனக்காக எவனும் நின்று வழிவிட மாட்டான்" என்பார்.

ஓடும்போதே பந்தைக் குறுக்கே அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உடம்பு முன்னால் போகிறது, பந்து இடப்பக்கம் போக வேண்டும். ஊன்றுகிற இடது காலை ஒரு நொடி முன்னதாகவே கோல் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால்தான் பந்து திரும்பும். இடது கால் நேராகவே நின்றுவிட்டால் பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் பறந்துவிடும். அவன் காலில் கித்தா மரம் சீவுகிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் நம் ஊர் அடிடாஸ் கம்போங், அதாவது கிராமத்து அடிடாஸ். அது இடது பெருவிரல் பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து கிழியும். அவன் அம்மா அதற்காகத் திட்டாத நாளில்லை. ஐயா அந்தக் கிழிசலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சரியான இடத்தில்தான் கிழிந்திருக்கிறது" என்று அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். எதிரில் நிற்கிற தற்காப்பு ஆட்டக்காரன் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறான் என்று பார், அந்தக் கால் பக்கமாகவே பந்தைத் தள்ளிவிட்டு ஓடு. பாரம் இருக்கிற காலை உடனே தூக்க முடியாது. உனக்கு அந்த அரை நொடி போதும். பிசியோதெரபி படித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான பேச்சு என்று எனக்கு விளங்கியது. படித்துத் தெரிந்துகொண்டதை அந்த மனிதர் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்.

ஆறாம் வகுப்பு முடிந்து, இடைநிலைப் பள்ளிக்கு முந்திய புகுமுக வகுப்புக்குப் பட்டணத்துப் பள்ளிக்குப் போனோம். அவன் பள்ளிக் குழு, மாவட்டக் குழு, மாநிலப் பள்ளிகள் குழு என்று ஒவ்வொரு படியாக ஏறினான். அப்புறம் பர்ன்லி கிண்ணத்துக்கான இளையோர் அணி. மாநிலத் தலைநகர் சிரம்பானுக்குப் பயிற்சிக்குப் போக பஸ்ஸில் கோலப்பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும். தலைசுற்றல் தாங்காமல் எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டே போவானாம். 1989இல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. அப்போது அவனுக்கு 21 வயது. காலையில் ஒரு நிறுவனத்தில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் பயிற்சி. 1994இல் முழுத் தொழில்முறை வந்தபோது வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் அப்பா நிரந்தர வேலையை விட்டதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஆண்டு சிரம்பானில் பாரோய் அரங்கில் அவன் ஆடியதை நான் பார்த்தேன். மழை விட்ட இரவு, புல் வழுக்கிக்கொண்டிருந்தது. முதல் பாதி முழுக்க அவனைக் காவல் காத்தவன் முரட்டு ஆள், இரண்டு முறை இடித்துக் கீழே தள்ளினான். இவன் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், அதே இடத்தில் போய் நின்றான். இரண்டாம் பாதியில் பந்து கிடைத்ததும் நிறுத்தினான், உள்ளே வருவதுபோல் தோளைச் சாய்த்தான். அந்த ஆள் இடது காலில் பாரத்தை மாற்றிய கணத்தில் பந்து அவனைத் தாண்டிக் கோட்டோரம் போய்விட்டது. கடைசிக் கோடு வரை ஓடி, பின்பக்கமாகத் தரையோடு இழுத்துக் கொடுத்தான். நடு வாளி. எனக்கு அப்படித்தான் தோன்றியது. கோல் விழுந்ததும் எல்லாரும் அடித்தவர் மேல் போய் விழுந்தார்கள். இவன் கார்னர் கொடிப் பக்கத்தில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று அந்த மூலையைப் பார்த்துக் கை தட்டினார். அந்தப் பெரியவரை எனக்கு இன்னும் பிடிக்கும்.

அதே 1994 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில், நம் லீக்கில் ஆடிவந்த சிங்கப்பூர் அணி பகாங் மாநில அணியை 4-0 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு நம் லீக்கை விட்டே போனது. அந்த நேரத்தில்தான் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் வெடித்தது. 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம், 21 பேர் நீக்கம். அவன் மேல் ஒரு துரும்பு விழவில்லை. ஆனால் நேர்மையாக ஆடியவர்களையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது. கூட்டம் குறைந்தது. தைப்பூசத்துக்கு வந்தவனிடம், "நீ எவ்வளவு வாங்கின?" என்று ஒருவர் கேட்டார். அவன் எழுந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். நல்லவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

அவன் ஆட்டத்தை முடித்தது தொடையின் பின்தசை. ஹாம்ஸ்டிரிங் என்பார்கள். முழு ஓட்டத்தில் கால் முன்னால் வீசப்பட்டு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், அந்தத் தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கிழிவது அநேகமாக அப்போதுதான். நாள் முழுக்கத் திடீர் ஓட்டம் ஓடுகிற விங்கர்களுக்கு இது பரம எதிரி. ஒரு முறை கிழிந்தது ஆறுவதற்குள் ஓடினால் மறுபடி கிழியும். அவனுக்கு ஆற விடவில்லை. அவன் கடைசியாக ஆடிய இடத்தில் ஊசி போட்டு இறக்கினார்கள். சம்பளமும் மாதக்கணக்கில் நின்றது. கேட்டால் அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு என்றார்கள். இன்று என் மேசையில் இளம் ஆட்டக்காரன் ஒருவன் இதே கிழிசலோடு வந்து படுத்தால், ஆறும்வரை மைதானம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அப்படிச் சொல்ல அன்று ஆளில்லை. 1997இல், 29 வயதில் நிறுத்திக்கொண்டான்.

விங்கரின் வாழ்வு பெரும்பாலும் அவ்வளவுதான். வேகத்தை நம்பிய தொழில், வேகம் போனால் இடம் மாற வேண்டும். வேல்ஸ் நாட்டு விங்கர் ரையன் கிக்ஸ் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துதான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 963 ஆட்டங்கள் ஆடி 40 வயதில் ஓய்ந்தார். இங்கிலாந்து விங்கர் ஸ்டான்லி மேத்யூஸ் 50 வயதில் ஆடியது அதிசயம், அதை எல்லாருக்கும் பொருத்த முடியாது. நம் பக்கத்திலேயே எஸ். குணாளனைப் பாருங்கள். நெகிரி செம்பிலான் விங்கராக வேகத்தால் பெயர் வாங்கினார். 1948க்குப் பிறகு 61 ஆண்டுகள் காத்திருந்து 2009இல் நம் மாநிலம் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் இருந்தார். 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில், இந்தோனேசியாவை மொத்தத்தில் 4-2 என்று வென்று தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் எடுத்த தேசிய அணியிலும் இருந்தார். பிறகு ஜொகூருக்குப் போய் வலது தற்காப்புக்கு மாறி நீண்ட நாள் ஆடினார். "எனக்கும் பின்னால போய் ஆடுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா ஆடியிருப்பேன்" என்று நம்மவன் ஒருமுறை சொன்னான். குரலில் பொறாமை இல்லை. குணாளன் ஆடிய காலத்தில் அவர் ஆட்டம் என்றால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பான்.

இப்போது அவன் பகாவிலேயே இருக்கிறான். காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறான், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான், காசு வாங்குவதில்லை. பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்பதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். கோல் முனையில் மூன்று வாளிகள் இருக்கின்றன, இப்போது பிளாஸ்டிக்.

தோட்டத்தை விட்டு வீடு மாறியபோது அவன் பெட்டியில் வைத்திருந்த படங்களும் நறுக்குகளும் கரையான் அரித்துப்போயின. அவன் ஆடிய ஒரு படம்கூட அவன் பிள்ளைகள் கையில் இல்லை. 1989 முதல் 1997 வரையிலான ஆட்டப் படங்கள், பழைய பத்திரிகை நறுக்குகள், அரங்கில் விற்ற அணிப் புத்தகங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து தேடுங்கள். ஏழாம் எண் சட்டை. படத்தின் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். மலர்க் குழுவிடம் கொடுத்தால் போதும், நகல் எடுத்துக்கொண்டு மூலப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.