"பார்க்கலாமுங்க" என்றால் ஜெர்மனியில் "சரி"

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கமிருந்து ஜெர்மனிக்குக் குடிபோகிறவர்களை இலக்கணத்துக்கு முன்பே இடறிவிடுவது நம்ம மரியாதைதான். கொங்கில் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லப் பழகியவர்கள் குறைவு. "பார்க்கலாமுங்க", "ஆகட்டுங்க" என்போம், கேட்டவருக்குப் புரிந்துவிடும். அதையே ஜெர்மனில் சொன்னால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடியாமல் நிற்கும்போது, சொன்ன சொல் தவறியவர் என்று பெயர் வரும். "வெள்ளிக்கு முடியாது, செவ்வாய்க்குத் தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கே அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒருவர் வீட்டுக்குப் போனால் டீ வேண்டுமா என்று பெரும்பாலும் ஒரு தடவைதான் கேட்பார்கள். "வேண்டாமுங்க" என்றால் அதோடு சரி, நம்மூர் வற்புறுத்தல் வராது. வெறும் "டாங்கே" (நன்றி) என்றாலும் வேண்டாம் என்றே பொருள் ஆகும். வேண்டுமானால் "யா, கெர்னெ" (ஆமாம், சந்தோஷமாக) என்று சொல்லுங்கள்.

நம்ம "ங்க" செய்யும் வேலையை அங்கே "ஸீ" செய்கிறது. "டூ" என்றால் நீ. "டூ" சொல்லலாம் என்று மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் முதல் நாளிலிருந்தே "டூ" புழங்கும். மேலதிகாரியை அப்படிக் கூப்பிட நமக்கு நாக்கு கூசும். ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனிகளில் விடாமல் "ஸீ" போட்டால் விலகி நிற்பதாகத்தான் தெரியும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால் "ஹெர் (திரு) பழனிசாமி" என்று அப்பா பெயரால்தான் அழைப்பார்கள். பெரியவர் பெயரைச் சொல்கிறார்களே என்று சுருக்கென்று இருக்கும். அவர்களுக்கு அதுதான் மரியாதை. கணவன் மனைவி குடும்பப் பெயர்கள் வேறு வேறாக இருந்தால் தபால் பெட்டியிலும் அழைப்புமணியிலும் இரண்டையும் ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

"ஹால்ப் நொய்ன்" என்பதை "பாதி ஒன்பது" என்று பெயர்த்து ஒன்பதரைக்குப் போகிறவர்கள் உண்டு. அது எட்டரை. டாக்டரிடம் நேரம் வாங்கும்போது 8:30 என்று எழுதிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

"சரிங்க" என்று நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவது அவர்களுக்கு "இல்லை" என்று படும்; வாயால் "யா" சொல்லிவிடுங்கள். துருக்கியிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க ஜெர்மனி போட்ட 1961 ஒப்பந்தத்துக்குப் பின் வந்து வேரூன்றிய துருக்கியர் கடைகளில் இன்னொன்றும் உண்டு. கொத்துமல்லி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் நாடியைத் தூக்கி "ச்" கொட்டலாம். அது கோபமோ சலிப்போ இல்லை. சரக்கு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.