தூங்குமிடம் என்று பெயர்

ரோமில் 118ஆம் எண் பஸ் பிடித்து ஆப்பியன் சாலையில் இறங்கியபோது சுள்ளென்று வெயில். புனித கலிஸ்துவின் நிலவறைக் கல்லறைக்குள் படியிறங்கியதும் உடம்பு குளிர்ந்துவிட்டது. சால்வை வேண்டாம் என்று சொன்னதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படைவீரர்களுக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் இந்தச் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வளர்ந்தேன். எங்களை அழைத்துச் சென்ற குருவானவர் முதல் திருப்பத்திலேயே அதைக் கலைத்துவிட்டார். நகருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமச் சட்டம். எல்லாரையும்போல இவர்களும் மதிலுக்கு வெளியே இடம் தேடினார்கள். அடியில் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான பாறை, தோண்டுவது எளிது. இந்த இடம் அரசுக்கும் தெரியும். அதனால்தான் 257இல் ரோமப் பேரரசன் வலேரியன், கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்குள் நுழையவே தடை விதித்தான். மறு ஆண்டு ஆகஸ்டில், தடையை மீறி இங்கே கூடியிருந்தபோது பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ்.

இந்தக் கல்லறையைப் பராமரித்த கலிஸ்து ஒரு காலத்தில் அடிமை. பிறகு திருத்தொண்டர், 217இல் திருத்தந்தை! இது ஏனோ எங்கள் வகுப்பில் யாரும் சொல்லாத கதை.

திருத்தந்தையர் அறையில் வெகுநேரம் நின்றேன். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்பது திருத்தந்தையர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். 1854இல் தெ ரோஸ்ஸி என்ற தொல்லியலாளர் மண்மூடிக் கிடந்த இதைக் கண்டுபிடித்தார். லத்தீன் பேசிய தலைநகரில் கல்வெட்டுகளோ கிரேக்கத்தில். 250இல் கொல்லப்பட்ட ஃபேபியனின் பெயருக்குப் பின்னால் ‘மறைசாட்சி’, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்பதற்கான சுருக்கெழுத்து மட்டும் வேறொரு கையால் பின்னாளில் வெட்டப்பட்டதாம்.

கல்லறைக்கு அவர்கள் வைத்த கிரேக்கப் பெயருக்குத் ‘தூங்குமிடம்’ என்று பொருள். ஊரில் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ‘இயேசுவில் துயில்கிறார்’ என்று சிலுவைக் கற்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சம்பிரதாயத்துக்குப் பொறிப்பது என்றே நினைத்திருந்தேன்.

குழு நகர்ந்துவிட்டது. மனைவியைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், நடைபாதைச் சுவரில் ஒரு சின்ன மாடத்தின் முன் நின்று, இறந்தோருக்கான செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெயரில்லை, மூடுகல்லும் இல்லை. நீளம் ஒன்றரை முழம் இருக்கும்.